அந்தக் கன்ஃபிகர் கோப்பைத் திறந்து பாருங்கள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் கல்லூரிகளில் கணினி படிக்கும் தம்பி தங்கைகளுக்கும், படிப்பை முடித்துவிட்டு ஊரிலிருந்தபடியே நிரல் எழுதி வருகிறவர்களுக்கும்,

மணிமுத்தாறிலிருந்து எழுதுகிறேன். போன ஐப்பசியில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லிவிட்டு, உங்களிடம் ஒரு வேலை கேட்கப் போகிறேன்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அச்சகம் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் மஞ்சப்பையோடு வீட்டுக்கு வந்தார். பைக்குள் ஆறு சிடி. 1998-லிருந்து 2007 வரை அவர் அச்சடித்த கோயில் கொடை நோட்டீஸ்கள், கல்யாணப் பத்திரிகைகள், இரண்டு ஊர்களின் வரலாற்றுச் சிறுநூல்கள் எல்லாம் அதில் இருந்தன. யூனிகோடு இங்கே புழக்கத்துக்கு வருவதற்கு முந்திய எட்டு பிட் எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகத்தான் தெரியும். "அச்சகத்தை மூடியாச்சு தம்பி, மிஷினையும் எடைக்குப் போட்டாச்சு. இது மட்டும் போட மனசு வரல. படிக்க மாதிரி ஆக்கித் தர முடியுமா?" என்றார்.

முடியும் என்று உடனே சொன்னேன். காரணம் இருந்தது. அதே எழுத்துரு அமைப்பை யூனிகோடாக மாற்றும் சின்ன நிரல் ஒன்றை 2005-ல் எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் சி மொழியில் எழுதியிருந்தார். ஏறக்குறைய 900 வரி. கொம்பு முன்னால், எழுத்து நடுவில், கால் பின்னால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கிடக்கும் 'கொ'வைச் சரியான வரிசைக்குத் திருப்பும் பகுதியை அத்தனை கவனமாக எழுதியிருந்தார். பழைய ஹார்டு டிஸ்கில் அந்த டார் கோப்பு பத்திரமாக இருந்தது. பிரித்து, ராஸ்பெரி பையில் போட்டு, வழக்கம்போல் கன்ஃபிகரை ஓட்டினேன்.

இரண்டாவது வரியிலேயே நின்றது. 'இந்த எந்திரம் என்ன வகை என்று கண்டுபிடிக்க முடியவில்லை' என்றது.

அதைச் சொன்னது கன்ஃபிக்.கெஸ் என்ற கோப்பு. உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். நிரல் எந்தச் செயலி, எந்த இயங்குதளத்தின் மேல் கட்டப்படுகிறது என்று ஊகித்துச் சொல்வது அதன் வேலை. என் கையிலிருந்த பிரதி 2004-ஆம் ஆண்டினது. வாக்ஸ் தெரியும், ஆல்ஃபா தெரியும், ஐரிக்ஸ் தெரியும். இன்று உங்கள் பையிலுள்ள கைபேசியிலும் என் மேசையிலுள்ள பலகையிலும் ஓடுகிற 64 பிட் ஆர்ம் செயலி அதற்குத் தெரியாது, அது பிறந்தபோது அப்படியொன்று இல்லை. புதிய பிரதியை குனு திட்டத்திடமிருந்து வாங்கிக்கொள் என்று அந்தக் கோப்பே முகவரியோடு சொல்கிறது. எழுதியவர்கள் இந்த நாள் வரும் என்று அறிந்தே எழுதியிருக்கிறார்கள்.

புதிய கன்ஃபிக்.கெஸ்ஸும் கன்ஃபிக்.சப்பும் வேண்டுமென்றால், கன்ஃபிகரை மறுபடி உருவாக்கும் ஆட்டோரீகான்ஃப் கருவியை, கட்டாயப்படுத்து, விட்டுப்போனதை நிறுவு என்ற இரண்டு விருப்பங்களோடு ஓட்ட வேண்டும். ஓட்டினேன். கன்ஃபிகர்.இன் என்ற பெயர் பழையது, கன்ஃபிகர்.ஏசி என்று மாற்று என்றது. மாற்றினேன். கன்ஃபிக் ஹெட்டருக்கான ஆட்டோமேக் மேக்ரோ ஒழிக்கப்பட்டுவிட்டது, ஆட்டோகான்ஃபின் மேக்ரோவை எழுது என்றது. எழுதினேன். லிப்டூலுக்கான மேக்ரோவுக்கும் புதுப் பெயர். கடைசியில் நியூஸ், ஆத்தர்ஸ், சேஞ்ச்லாக் என்ற கோப்புகள் இல்லையே என்று கேட்டது. குனு திட்டத்தின் நிரல்களுக்கு அவை கட்டாயம், நமக்கு வேண்டியதில்லை. 'ஃபாரின்' என்ற ஒரே சொல்லை உரிய இடத்தில் சேர்த்தால் விட்டுவிடும். இதற்கெல்லாம் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

கன்ஃபிகர் ஓடியது. மேக் ஓடியது. ஓர் எரர்கூட இல்லை. முதல் நோட்டீஸை உள்ளே கொடுத்தேன். வெளியே வந்தது நாற்பது வரி கேள்விக்குறி.

இந்த இடத்தில்தான் உங்களைக் கொஞ்சம் நிறுத்திவைக்க விரும்புகிறேன். கட்ட முடியாமல் நின்றுபோகும் நிரலைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. அது தன் குறையைச் சொல்லிவிட்டுத்தான் நிற்கிறது. ஒழுங்காகக் கட்டி முடித்ததுபோல் தோன்றி, உள்ளே ஓர் உறுப்பு இல்லாமல் வெளிவரும் நிரல்தான் ஆபத்து.

நடந்தது இதுதான். கன்ஃபிகர் செய்வதெல்லாம் சின்னச் சின்னச் சோதனை. ஐந்தாறு வரியில் ஒரு சி நிரலை அதுவே எழுதி, கம்பைலரிடம் கொடுத்துப் பார்க்கும். கம்பைல் ஆகி ஓடினால் 'அந்த வசதி இருக்கிறது', ஆகாவிட்டால் 'இல்லை'. 2005-ல் அந்த மாணவர் தம் கையால் எழுதிய சோதனை ஒன்று அதில் இருந்தது. ஐகான்வ் என்ற எழுத்துமாற்று வசதி யூடிஎஃப்-8-ஐ அறிந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. அதில் மெயின் என்று தொடங்கியிருந்தாரே ஒழிய, அதற்கு முன்னால் 'இன்ட்' போடவில்லை. எக்ஸிட்டை அழைத்திருந்தார், அதற்குரிய தலைப்புக் கோப்பைச் சேர்க்கவில்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் எழுதியது அப்படித்தான், நானும் எழுதியிருக்கிறேன். 1999-ஆம் ஆண்டின் சி தரவரையறையே இவ்விரண்டையும் விலக்கிவிட்டது. ஆனாலும் கம்பைலர்கள் கால் நூற்றாண்டு பொறுத்துக்கொண்டு வெறும் எச்சரிக்கையோடு விட்டன. 2023-ல் கிளாங் 16 அந்தப் பொறுமையை நிறுத்தியது. 2024 மே மாதம் வந்த ஜிசிசி 14-ம் இவற்றைத் தவறு என்றே சொல்லத் தொடங்கியது.

அதனால் அந்தச் சோதனை கம்பைல் ஆகவில்லை. ஐகான்வ் இல்லாததால் ஆகவில்லையா, சோதனையே பிழையாக எழுதப்பட்டதால் ஆகவில்லையா என்று பிரித்தறிய கன்ஃபிகருக்கு வழியில்லை. 'இல்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டது. திரையில் ஓடிய நூறு வரிகளுக்கு நடுவே அந்த 'இல்லை'யை நான் பார்க்கவில்லை. நிரலும் ஐகான்வ் இல்லாத மாற்றுவழியில் கட்டப்பட்டு, தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் பதில் ஒரு கேள்விக்குறியை எழுதியது.

கன்ஃபிக்.லாக் என்ற கோப்பைத் திறந்து கீழிருந்து மேலாகப் படித்தபோதுதான் பிடிபட்டது. தோற்ற சோதனை ஒவ்வொன்றும், அதற்குக் கம்பைலர் சொன்ன காரணமும் அதில் முழுதாக இருக்கும். பில்டு வேலையில் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் கற்றுத்தரலாம் என்றால் நான் இதைத்தான் தருவேன்: திரையை நம்பாமல் கன்ஃபிக்.லாக்கைப் படிப்பது. ஒரு 'இன்ட்', ஒரு 'இன்க்ளூட்' வரி, அவ்வளவுதான் குறை. சேர்த்துவிட்டு மறுபடி கட்டினேன்.

இந்த முறை முதலில் வந்தது ஒரு 'உ'. அதன் கீழே 2001-ஆம் ஆண்டு அம்மன் கொடை அழைப்பு. கால்நாட்டு, குடியழைப்பு, வில்லிசை, கணியான் கூத்து என்று நிகழ்ச்சி நிரல். வில்லடித்தவர் பெயர், குடம் அடித்தவர் பெயர், மகுடம் அடித்தவர் பெயர், அவரவர் ஊர். இந்தக் கலைஞர்கள் எந்த ஆண்டு எந்த ஊரில் பாடினார்கள் என்பதற்கு இந்த நோட்டீஸ்களை விட்டால் வேறு எழுத்துச் சான்று பல ஊர்களில் கிடையாது. ஆறு சிடியில் அப்படி ஐந்நூறுக்கு மேல் இருந்தன. அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை படித்தார்.

அந்த 900 வரியில் ஒரு வரிகூட மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். தமிழ் அறிவு இருந்த பகுதி இருபது வருடம் கழித்தும் அப்படியே சரியாக வேலை செய்தது. கெட்டுப்போயிருந்தது அதைக் கட்டும் வழி மட்டும். நம்மூர்க்காரர்களுக்கு விளங்கும்படி சொன்னால், அணையில் 118 அடியும் நிறைந்திருக்கிறது, பெருங்காலில் அமலை மண்டிக் கிடக்கிறது, கடைமடை காய்கிறது.

இந்தக் கன்ஃபிகர் ஏன் இவ்வளவு வளைந்து நெளிந்து கிடக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். 1990-களின் தொடக்கத்தில் சன், எச்பி, டெக், ஐபிஎம் என்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு யூனிக்ஸ் வைத்திருந்தது. ஒன்றில் இருக்கும் செயற்கூறு இன்னொன்றில் இருக்காது. ஒரே நிரல் எல்லாவற்றிலும் கட்டப்பட வேண்டும் என்பதற்காக 1991-ல் டேவிட் மெக்கென்சி ஆட்டோகான்ஃபைத் தொடங்கினார். அது எம்4 என்ற மேக்ரோ மொழியில் எழுதிய சிறு கோப்பை வாங்கிக்கொண்டு, ஆயிரக்கணக்கான வரி ஷெல் ஸ்கிரிப்டாக விரித்துத் தருகிறது. அந்த விரிந்த வடிவம்தான் நாம் ஓட்டும் கன்ஃபிகர். விரிந்ததில் கைவைத்துத் திருத்துவது வீண். அடுத்த முறை விரிக்கும்போது அழிந்துவிடும். திருத்த வேண்டியது கன்ஃபிகர்.ஏசியை. இதைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் ஷெல் கோப்பின் எட்டாயிரம் வரிக்குள் இரண்டு நாள் தேடித் தோற்றுப்போனவன் நான்.

ஆட்டோகான்ஃபே ஒரு காலத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 2012 ஏப்ரலில் 2.69 வெளிவந்தது. அடுத்த 2.70 வந்தது 2020 டிசம்பரில். இடையில் எட்டரை ஆண்டு. அந்த இடைவெளியில் எல்லாருடைய கோப்புகளும் 2.69-க்கே பழகிவிட்டன. அதனால் 2.70 வந்ததும் எங்கு பார்த்தாலும் எச்சரிக்கை மழை. எச்சரிக்கைகளைக் கண்டு மிரள வேண்டாம். ஒழிந்த மேக்ரோக்களைப் புதியவையாக மாற்றித்தர ஆட்டோஅப்டேட் என்ற கருவி கூடவே வருகிறது. அது பெரும்பாலானதைச் சரியாகவே செய்யும். ஆனால் செய்ததை வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏற்காதீர்கள். மேற்கோள் அடைப்புகளை அது சில இடங்களில் தேவைக்கு மேல் போட்டுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இது சி மொழிக்காரர்களின் தலைவலி, நாங்கள் பைத்தானும் ஆண்ட்ராய்டும் எழுதுகிறோம் என்று சொல்வீர்கள். அங்கேயும் இதே கதைதான். 2000-லிருந்து பைத்தானோடு வந்துகொண்டிருந்த டிஸ்ட்யூட்டில்ஸ் 2023 அக்டோபரில் பைத்தான் 3.12-இல் நீக்கப்பட்டது. அதை நேரடியாக நம்பி எழுதிய செட்டப் கோப்புகள் அன்றோடு நின்றன. சிமேக் 4.0 2025 மார்ச்சில் வந்தபோது, 3.5-க்கும் பழைய பதிப்பே போதும் என்று முதல் வரியில் எழுதிவைத்திருந்த திட்டங்களையெல்லாம் மறுத்தது. ஆண்ட்ராய்டு நிரலர்கள் நூலகங்களை எடுத்துக்கொண்டிருந்த ஜேசென்டரை மூடப்போவதாக 2021 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அதே ஆண்டு கிரேடில் 7-இல் பழைய 'கம்பைல்' என்ற சொல்லே செல்லாமல் போனது. ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதிய தமிழ் அகராதிச் செயலி, பஞ்சாங்கச் செயலி எத்தனையோ அந்த ஓராண்டோடு மறுபடி கட்ட முடியாதவை ஆகியிருக்கும்.

நாம் தினமும் தமிழ் தட்டுவதும் இந்த வேலையை நம்பித்தான் நடக்கிறது. லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கிறீர்களே, அது பெரும்பாலும் எம்17என் என்ற நூலகத்தின் வழியாக வருகிறது. ஜப்பானில் கெனிச்சி ஹண்டாவும் அவருடைய தோழர்களும் உருவாக்கியது. தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சு, ஒலிபெயர்ப்பு என்று நம் விசைவரைபடங்கள் அத்தனையும் அதன் தரவுத்தொகுப்பில் இருக்கின்றன. அதைக் கட்டுவது ஆட்டோகான்ஃபும் ஆட்டோமேக்கும். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறிமுறையிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் வசதியை குனு சி நூலகத்துக்குள் 2002-ல் எழுதிச் சேர்த்தவர் புரூனோ ஹைப்லே என்ற ஜெர்மானியர். கன்ஃபிகர் கோப்புகளுக்கான எம்4 மேக்ரோக்களை ஆண்டுக்கணக்காகச் செப்பனிட்டு வருபவர்களில் முதன்மையானவரும் அவர்தான். நம் மொழி தெரியாத மனிதர்கள் நமக்காகச் செய்த வேலை இது. அதன் அடித்தளத்தைப் பார்த்துக்கொள்ள நம்மில் நாலு பேராவது வேண்டாமா?

ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலர், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளவாசல் வைத்திருப்பதை உலகுக்குச் சொன்னார். எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்ற உறுத்தலில் தோண்டிக் கண்டுபிடித்தது. அந்தத் தீங்கு நிரலின் சி கோப்புகளில் வெளிப்படையாக இல்லை. சோதனைக்கென்று வைத்த இரண்டு கோப்புகளுக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. அதை வெளியே எடுத்துக் கட்டுமானத்துக்குள் நுழைத்தது ஓர் எம்4 கோப்பின் ஒரு வரி. அந்தத் திருத்திய எம்4 கோப்பு கிட் களஞ்சியத்திலேயே இல்லை, வெளியீட்டு டார் கோப்பில் மட்டும் இருந்தது. ஒற்றை ஆளாக எக்ஸ்இசட்டைப் பராமரித்துச் சோர்ந்திருந்த லாசே காலினிடம், உதவ வந்தவராக ஈராண்டுக்கு மேல் பழகி நம்பிக்கை பெற்ற ஒருவர் செய்த வேலை. ஒளித்துவைக்க அவர் ஏன் பில்டு ஸ்கிரிப்டைத் தேர்ந்தெடுத்தார்? அதை யாரும் படிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும்.

அதனால் பில்டு கோப்பைப் புதுப்பிப்பதைத் தூசி தட்டும் வேலையாக எண்ணாதீர்கள். புதுப்பிக்கிறவர் அதை முழுக்கப் படிக்கிறார். ஒரு நிரலின் கன்ஃபிகர்.ஏசியை ஆண்டுக்கு ஒருவர் கருத்தோடு படித்தாலே பாதி ஆபத்து குறைந்துவிடும் என்று நம்புகிறேன்.

இதையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு எல்லாவற்றையும் மேசான் என்ற புதிய பில்டு கருவிக்கு மாற்றிவிடலாமே என்று கேட்கிற தம்பிமார் உண்டு. மேசான் நல்ல கருவி. நம் எழுத்துகளைத் திரையில் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ்கூட இன்று மேசானில்தான் கட்டப்படுகிறது. ஆனால் ஹார்ஃப்பஸ்ஸுக்கு முழுநேர நிரலர்கள் இருக்கிறார்கள். எழுதியவரே கைவிட்ட சின்ன நிரலுக்கு முதல் வேலையாகக் கருவியை மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். பழைய கன்ஃபிகர் என்னென்ன சோதித்தது, ஏன் சோதித்தது என்று புரியாமல் மாற்றினால், கேள்விக்குறி நிரலைப் புதுக் கருவியில் கட்டியவர் ஆவீர்கள். முதலில் இருக்கிற வழியைச் சரிசெய்து ஓடவையுங்கள். வெளிவருகிற எழுத்து சரியா என்று பாருங்கள். பிறகு வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

டெபியன்காரர்கள் இதில் நல்ல வழி காட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய தொகுப்புக் கருவி, பொருத்த எண் 10 முதல், ஒவ்வொரு முறை கட்டும்போதும் ஆட்டோரீகான்ஃபைத் தானாகவே ஓட்டுகிறது. டார் கோப்பில் வந்த பழைய கன்ஃபிகரை நம்பி இருப்பதில்லை. புதுச் செயலி வந்தாலும் அதனால் சமாளிக்கிறார்கள். சென்னை சீடாக்கில் உருவான பாஸ் லினக்ஸ் நிற்பதும் டெபியன் மேல்தான். ஆக, நீங்கள் திருத்தும் ஒரு வரி எங்கோ ஒரு பள்ளியின் கணினி அறை வரை போய்ச் சேரக்கூடும்.

என் வேண்டுகோள் இதுதான். இந்தப் பருவத்துக்கான புராஜெக்ட் என்று இன்னொரு வருகைப்பதிவுச் செயலி செய்வதற்குப் பதிலாக, கைவிடப்பட்ட தமிழ் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துரு மாற்றி, சொல்வரிசைப்படுத்தி, அகராதி எதுவாகவும் இருக்கட்டும். இன்றைய கம்பைலரில் கட்டுங்கள். எங்கே நின்றது, கன்ஃபிக்.லாக் என்ன சொன்னது, எதை ஏன் மாற்றினீர்கள் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியாக எழுதிவையுங்கள். ஒரு பேட்சில் ஒரு மாற்றம் போதும். எழுதியவரைத் தேடிப்பிடித்து அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் உரிமத்தைப் பார்த்துவிட்டு உங்கள் பெயரில் தொடருங்கள். செய்ததைத் தமிழில் எழுதினால், 2012-லிருந்து கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவரும் கணியம் போன்ற இதழ்களுக்கு அது நல்ல கட்டுரையாகும்.

பேராசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிதாக எதையும் செய்யவில்லையே என்று இந்த மாணவர்களின் மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள் ஐயா. இன்னொருவர் எழுதியதைப் படித்துப் புரிந்து, அதைக் கெடுக்காமல் திருத்தக் கற்ற பிள்ளை எந்த வேலைக்குப் போனாலும் நின்றுகொள்ளும்.

தை பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம் என்றிருக்கிறேன். அம்பாசமுத்திரத்திலிருந்தோ கல்லிடைக்குறிச்சியிலிருந்தோ பஸ் உண்டு. வரும்போது ஆளுக்கொரு பழைய நிரலும் மடிக்கணினியும் கொண்டுவாருங்கள், பேட்டரியை முழுதாக ஏற்றிக்கொண்டு வாருங்கள், மலையில் காற்று வீசினால் இங்கே மின்சாரம் நின்றுவிடும். அண்ணாச்சி தமக்குத் தெரிந்த இன்னும் இரண்டு அச்சகக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்களிடமும் சிடி இருக்கிறதாம். எழுத்துரு வேறு, அதற்கான மாற்றி யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் ஒருவன்
மணிமுத்தாறு